சிவப்பு ரிப்பன் கட்டின கரண்டி

பாஸ்தா தின்பதற்காகவே இத்தாலிக்குப் போய் வந்ததாக என் மகள் பிரின்சி அவள் வகுப்பில் சொல்லி வைத்திருக்கிறாள். போனது என் அக்காவுக்காக. அக்கா கன்னியாஸ்திரி. சிஸ்டர் விமலா என்றால் அங்கே ஒரு மலை ஊரில் எல்லோருக்கும் தெரியும். வயசானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற மடத்தில் நர்ஸ் வேலை. துறவற வார்த்தைப்பாடு கொடுத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது, வெள்ளி விழா, நம்ம வீட்டு ஆள் ஒருத்தராவது வந்து நிற்க வேண்டாமா என்று போனில் அழுதாள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டு ஆள் என்றால் நான் ஒருத்தன்தான்.

நான் நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் மெயின்டனன்ஸ். மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்துப் பார்த்து, லீவு கிடைத்தால் குவார்ட்டர்ஸில் ஃபேனுக்குக் கீழே மல்லாந்து படுப்பதைத் தவிர வேறு ஆசை இல்லாதவன். ஊர் சுற்றிப் பார்க்கிற ஆள் கிடையாது. மனைவி லூர்துவுக்கு ஆஸ்பத்திரியில் கான்ட்ராக்ட் வேலை. நாலு நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதனால் நானும் பிரின்சியும் மட்டும் கிளம்பினோம்.

பிரின்சியைக் கூட்டிக்கொண்டு போவதுதான் பெரிய பாடு. அவளுக்கு முந்திரி ஆகாது. அரிப்பு, வயிற்றுவலி என்கிற மாதிரி ஆகாது இல்லை. மூன்று வயசில், திருவதிகையில் ஒரு கல்யாண வீட்டுக் கேசரியில் இருந்த ஒரே ஒரு பருப்பு. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, பண்ருட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என் மடியிலேயே கண் சொருகிவிட்டது. அடுத்த தடவை இதைவிட மோசமாக வரலாம் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொன்னார். ஊசி மருந்தும் சிரிஞ்சும் வைத்த ஒரு பையைக் கொடுத்து, எப்படிப் போடுவது என்று எனக்கும் லூர்துவுக்கும் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தப் பை எங்கள் இரண்டு பேரில் ஒருத்தர் இடுப்பில் இருக்கும்.

எங்கள் பக்கத்தில் முந்திரி ஆகாத பிள்ளையை வளர்ப்பது, கடலூரில் குடியிருந்துகொண்டு உப்புக்காற்று ஆகாது என்பது மாதிரி. டவுன்ஷிப் எல்லையைத் தாண்டினால் முந்திரித் தோப்பு. பாயசத்தில், பொங்கலில், குருமாவில், எதில்தான் இல்லை? அதைவிடக் கொடுமை, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எங்கள் பிளாக் பக்கத்து பேக்கரியில் புதிதாக ஒயிட் சாஸ் பாஸ்தா போட ஆரம்பித்த நேரம். பிரின்சி கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டரைக் கேட்டேன்.

“மைதா, பாலு, வெண்ணெய். அவ்ளோதான் சார்.”

“முந்திரி?”

“முந்திரிலாம் போட மாட்டோம் சார். கொஞ்சமா அரைச்சு ஊத்துவோம், கெட்டியா வரணும்ல.”

பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அழுதாள். அதைக் கேள்விப்பட்டுத்தான் அக்கா போனில் சொன்னது: “அத்தை ஊருக்கு வாடி, பாஸ்தா இங்க அரிசிச் சோறு மாதிரி. வேணுங்கிற மட்டும் சாப்பிடு.” அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பிரின்சி விமானம் ஏறினாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து என் மச்சான் சூசை வந்தார். லூர்துவின் அண்ணன். கையில் ஒரு தகர டப்பா. முழு முந்திரி, சொந்தத் தோப்பு.

“மச்சான், என் புள்ளைக்கு ஆகாதுன்னு தெரியும்ல?”

“புள்ளைக்கா குடுக்கறேன்? மடத்துக்குக் குடுக்கறேன். நம்ம பக்கத்துலேர்ந்து போறவன் முந்திரிப் பயிறு இல்லாம வெறுங்கைய வீசிகினு போவானா? விமலாக்கா மானம் இன்னா ஆவறது?”

டாக்டருக்கும் சாமியாருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் முந்திரி இல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் படியேறியதில்லை. நான் பேசித் தோற்றேன். லூர்துதான் வழி சொன்னாள். டப்பாவைச் சுற்றி டேப் ஒட்டு, மூன்று பிளாஸ்டிக் பையில் போட்டுப் பெரிய பெட்டியில் வை, போனதும் நேரே அக்கா கையில் கொடு. அப்படியே செய்தேன்.

டப்பா சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது. நிறுத்தி வைக்கப்பட்டது என் இடுப்புப் பைதான். ஒவ்வொரு விமான நிலையத்திலும் சிரிஞ்சை வெளியே எடுத்து வைத்து, டாக்டர் கடிதத்தைக் காட்டி, பிள்ளையைக் காட்டி, கேசரி கதையை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் மகனுக்கும் வேர்க்கடலை ஆகாது என்று சொல்லிப் பையை அவரே மூடித் தந்தார். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அது.

மடத்தில் சமையல் பார்க்கிறவர் சிஸ்டர் பியா. எழுபதைத் தாண்டினவர், முட்டிவலி, முகத்தில் சிரிப்பே கிடையாது. நாங்கள் போய் இறங்கி முகம்கூடக் கழுவவில்லை, அக்காவை நடுவில் நிறுத்திக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டார். தின்றால் மட்டும்தானா, தொட்டாலுமா? எண்ணெயில் இருந்தால்? போன தடவை எவ்வளவு நேரத்தில் வீங்கியது? எங்கள் உறவுக்காரர்களில் ஒருத்தர்கூட இதையெல்லாம் கேட்டதில்லை. டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்துப் பூட்டினார்.

மறுநாள் பக்கத்து டவுனில் பெரிய கடைக்குப் போனோம். ஒரு சுவர் முழுக்கப் பாஸ்தா. நம் ஊரில் அரிசிக்கடையில் பொன்னி, ஐ.ஆர்.எட்டு என்று மூட்டை வாய் திறந்து இருக்குமே, அப்படி. குழல், சுருள், சங்கு, வண்ணத்துப்பூச்சி. பிரின்சி ஓடினாள். நான் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த ஊரில் ஒரு நல்ல காரியம், ஒவ்வாமை தரக்கூடிய சாமான்களை மட்டும் தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். கோதுமை, முட்டை, பால், சோயா. காய்ந்த பாஸ்தாவில் பெரும்பாலும் கோதுமையும் தண்ணீரும்தான். குளிர்பெட்டியில் இருக்கிற ஈரப் பாஸ்தாவில் முட்டை. உள்ளே பூரணம் வைத்தது என்றால் எது வேண்டுமானாலும் இருக்கும், கிட்டேயே போகாதே என்று அக்கா சொன்னாள். முந்திரிக்கு அவர்கள் பாஷையில் அனகார்டி. பிரின்சி அதை ஏரோப்ளேனிலேயே மனப்பாடம் செய்திருந்தாள்.

“அப்பா, இதுல இருக்கு” என்று ஒரு பச்சைச் சட்டினி பாட்டிலை நீட்டினாள். துளசி மாதிரி ஒரு இலையை அரைத்துச் செய்வது. அசலில் பைன் மரத்து விதை போட வேண்டுமாம். அது விலை ஜாஸ்தி என்று மலிவு பாட்டில்களில் முந்திரியை அரைத்துவிடுகிறார்கள். எனக்குச் சலித்துவிட்டது. எங்கே போனாலும் முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கிறது. குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் இடம் பிடிக்கத் துண்டு போட்டு வைப்பார்களே, அது மாதிரி.

கடைசியில் வெறும் கோதுமைப் பாஸ்தா ஒன்றும், தக்காளி மட்டும் இருந்த பாட்டில் ஒன்றும் எடுத்தோம். அதிலும் சின்ன எழுத்தில் ‘இன்னின்னது தூளாகக் கலந்திருக்கலாம்’ என்று ஏதாவது இருக்கிறதா என்று அக்கா கண்ணாடி போட்டுப் படித்தாள். போன மாசம் வாங்கினதுதானே என்று விடக் கூடாதாம், கம்பெனிக்காரன் மாற்றிவிடுவான், ஒவ்வொரு தடவையும் படிக்கணுமாம். படித்துப் படித்து என் கண் எரிந்தது.

திரும்பி வரும்போது பஸ் இல்லை. ஸ்ட்ரைக். நம் ஊரில் ஸ்ட்ரைக் என்றால் கொடி, கோஷம், கேட்டில் கூட்டம் என்று ஒரு களை இருக்கும். இங்கே ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் ஒரு கிழவர் பிரின்சிக்குச் சாக்லேட் நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அக்கா விளக்கினாள். கிழவர் உடனே சாக்லேட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, பிரின்சியோடு கைகுலுக்கினார்.

பசி தாங்காமல் ஒரு சின்ன ஓட்டலில் நுழைந்தோம். பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே, முந்திரியா, எங்களிடம் கிடையவே கிடையாது என்றார். அக்கா விடவில்லை, சமைக்கிறவரைக் கூப்பிடச் சொன்னாள். அவர் ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டே வந்தார். “எல்லாப் பாஸ்தாவையும் ஒரே தண்ணீரில்தான் வேகவைக்கிறேன். ஒரே சல்லடையில்தான் வடிக்கிறேன். பச்சைச் சாஸ் டின்னில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் ஓட்டலில் இந்தக் குழந்தை சாப்பிட வேண்டாம்.” நம் ஊரில் எந்த மாஸ்டர் இப்படிச் சொல்லியிருக்கிறார்? இரண்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்து அனுப்பினார். பிரின்சி அன்றைக்கும் மடத்துக்கு வந்துதான் பாஸ்தா சாப்பிட்டாள். உப்பு, எண்ணெய், தக்காளி. தட்டை வழித்தாள்.

விழா அன்றைக்கு வருவோம். மடத்துத் தலைவி அம்மா ஒரு யோசனை சொன்னார். இந்தியாவிலிருந்து வந்த முந்திரியை விழா விருந்தில் சேர்த்துவிடலாமே, எல்லோரும் பகிர்ந்து சாப்பிடட்டுமே. நான் அக்காவைத் தனியே கூப்பிட்டேன்.

“நாங்க போனப்புறம் செஞ்சுக்கலாமேக்கா.”

“என் விழா, என் ஊர் பயிறு. இவங்க ஒரு தடவ தின்னு பாக்கட்டும் தம்பி. புள்ளைக்குத் தனியாத்தான் செய்யப் போறோம்.”

இருபத்தைந்து வருஷமாக ஊரை விட்டு இருக்கிறவள். நான் மறுபடியும் பேசித் தோற்றேன்.

சிஸ்டர் பியா மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே, காலையிலேயே பிரின்சியின் பாஸ்தாவைப் புதுச் சட்டியில் வேகவைத்து, தக்காளிச் சாஸில் புரட்டி, தட்டு போட்டு மூடி, சாப்பாட்டு அறை ஜன்னல் பக்கம் தனி மேடையில் வைத்தார். ஒரு மரக்கரண்டியின் காம்பில் சிவப்பு ரிப்பன் கட்டி மூடியின் மேலேயே வைத்தார். அதற்கப்புறம் டப்பாவைத் திறந்து, முந்திரியைப் பச்சை இலையோடு சேர்த்து அரைத்து மற்றவர்களுக்குச் செய்தார். ரிப்பனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பெல்ட் லைனில் ஒருத்தன் உள்ளே இறங்கி வேலை பார்க்கும்போது சுவிட்சில் சிவப்புப் போர்டு மாட்டுவோம். மாட்டினவன்தான் அதை எடுக்கணும். எவ்வளவு பெரிய அதிகாரி வந்து நின்றாலும் வேறு கை அதில் படக்கூடாது. நம்ம ஆள்தான் இந்த அம்மா என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

பூசை முடிந்து சாப்பாட்டு அறைக்கு வந்தோம். நீள மேசை. பிரின்சிக்கு ஜன்னல் ஓரம் தனி நாற்காலி. சிஸ்டர் பியா அவள் பாஸ்தாவைத் தட்டில் போட்டு, கரண்டியைச் சட்டி மேலேயே திருப்பி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“என் மருமவ தனியா ஒக்காந்து சாப்பிடறதா? வாடி இங்க, அத்தை பக்கத்துல.”

அதோடு நிற்கவில்லை. அங்கியின் மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். எங்கள் ஊரில் விசேஷத்தில் விருந்தாளி தானாக எடுத்துப் போட்டுக்கொள்ள மாட்டான், வீட்டுக்காரர் வரிசையாகப் பரிமாறணும், இன்றைக்கு நான்தான் பரிமாறுவேன் என்று அவர்கள் பாஷையில் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பெரிய கரண்டி. பந்தியில் சாம்பார் வாளியோடு போவோமே, அதே நடை, அதே குனிவு. பச்சைப் பாஸ்தா ஒரு சுற்று வந்தது. அக்கா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. சின்ன வயசில் பார்த்த முகம்.

பிரின்சி தட்டைக் காலி செய்திருந்தாள். அக்கா ஜன்னல் மேடைக்குப் போனாள். ரிப்பன் கரண்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். கையில் இருந்த கரண்டியாலேயே அள்ளிக்கொண்டு வந்தாள்.

“போதும் அத்தை.”

“ரெண்டாம் தடவ வேணாம்னு சொல்றவள நம்மூர்ல விட்ருவாங்களா?”

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கரண்டி ஓரத்தில் பச்சையாக ஒட்டியிருந்தது என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. ஒரு வாரமாகப் பாட்டில் பாட்டிலாகப் படித்த களைப்பு. இனி படிக்க ஒன்றுமில்லை, எல்லாம் வீட்டு மனுஷர்கள் என்று உடம்பு தளர்ந்து உட்கார்ந்திருந்தேன். பிரின்சி இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பாள்.

“அப்பா, தொண்டையில என்னமோ குத்துது.”

அடுத்த வார்த்தைக்குள் குரல் கம்மிவிட்டது. கழுத்து சிவந்தது. உதடு தடித்தது. வாந்தி எடுத்தாள். பையின் ஜிப்பைத் திறக்க என் விரல் வரவில்லை. அக்கா பிடுங்கினாள். மருந்தை உறிஞ்சி, உடுப்புக்கு மேலேயே தொடையில் ஊசியைக் குத்தினாள். தரையில் படுக்கவைத்துக் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்தாள். யாரோ ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்கள், யாரோ ஆம்புலன்ஸுக்குப் பேசினார்கள். கரண்டி பிடித்த அதே கைதான் ஊசி போட்டது. அந்தக் கை நடுங்கவில்லை. நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளையை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். லூர்துவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்று மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது.

ஆஸ்பத்திரியில் இன்னொரு ஊசி போட்டார்கள். சாயங்காலம் பிரின்சிக்குக் குரல் வந்துவிட்டது. தணிந்த மாதிரி இருந்து திரும்பவும் வரலாம் என்று மறுநாள் காலை வரை வைத்துக்கொண்டார்கள். அக்கா வராந்தாவிலேயே ஜெபமாலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

காலையில் சிஸ்டர் பியா முட்டிவலியோடு பஸ் ஏறி வந்தார். அந்த டப்பாவைத் தான் திறந்தே இருக்கக் கூடாது என்று என்னிடம் சொல்லி அழுதார். நான் டப்பாவையே கொண்டுவந்திருக்கக் கூடாது என்றேன். இரண்டையும் அக்காதான் மொழிபெயர்த்தாள். பியா தன் பையிலிருந்து ரிப்பன் கட்டின கரண்டியை எடுத்துப் பிரின்சியிடம் கொடுத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாட்டினவர் ஒருத்தர், எடுத்தது வேறு கை. இத்தனை வருஷம் எந்த ஒரு விதியை நம்பி பெல்ட்டுக்குள் தலையை விட்டேனோ, அதை என் கண் முன்னாடியே மீறவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

விமான நிலையத்தில் அக்கா எனக்கு மட்டும் சிலுவை போட்டு ஆசீர்வதித்தாள். பிரின்சியைத் தொடவில்லை.

“அத்தைக்கு என்மேல கோவமாப்பா?” என்று ஏரோப்ளேனில் கேட்டாள். இல்லம்மா என்றேன்.

ஊருக்கு வந்து இறங்கியதும் மறுநாளே ஷிப்ட். மாடியில் காயப்போட்ட துணியில் அதே நிலக்கரித் தூசி. லூர்து என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அக்கா போன் செய்தால் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். சூசை மச்சான் வந்தபோது வாசலிலேயே நின்று, “என் பயிறாலதான ஆச்சு” என்று சொல்லிவிட்டு உட்காராமல் போனார். இப்போதெல்லாம் பலாப்பழம்தான் கொண்டுவருகிறார்.

அடுத்த வருஷம் அக்கா லீவில் வந்தாள். எங்கள் குவார்ட்டர்ஸில்தான் தங்கினாள். வந்த நாளிலிருந்து அடுப்படிப் பக்கம் தலைகாட்டவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள், தட்டைக்கூடத் தூக்கவில்லை, மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் முந்திரி வாசனைகூடக் கிடையாது. இருந்தும் பிரின்சி பக்கத்தில் வந்தால் நாற்காலியை நகர்த்திக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து லூர்து பாஸ்தா செய்தாள். டவுன்ஷிப் கடையில் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்து எடுத்தது பிரின்சி. தக்காளி, பூண்டு, மிளகாய்த்தூள், நம்ம வீட்டுப் பாஸ்தா. லூர்து பரிமாற வந்தாள். பிரின்சி எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தக் கரண்டியை எடுத்து வந்தாள். கழுவிக் கழுவி ரிப்பன் வெளுத்துப்போயிருந்தது. அதை அம்மாவிடம் கொடுக்கவில்லை. அக்காவின் மடியில் வைத்தாள்.

“நீங்க போடுங்க அத்தை.”

“வேணாம்மா. அம்மா போடுவாங்க.”

“நீங்க போட்டாத்தான் சாப்பிடுவேன்.”

அக்கா லூர்துவைப் பார்த்தாள். லூர்து சட்டியை அக்கா பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அக்கா எழுந்து போய்க் கரண்டியை மறுபடியும் கழுவினாள். ஜன்னல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். வந்து ஒரு கரண்டி போட்டாள். கரண்டியைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

பிரின்சி சாப்பிட ஆரம்பித்தாள். நாங்கள் மூன்று பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தட்டைக் காலி செய்து, திரும்பவும் அத்தை பக்கம் நீட்டினாள்.